வாசல் தோட்டம்: தண்ணீர் கேளாத ஆனைக்கற்றாழை



தண்ணீர் இல்லாமல் செத்த செடிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தண்ணீர் ஊற்றி ஊற்றியே சாகடிக்கப்படும் ஒரு செடியைப் பற்றி இந்த முறை பேசுவோம். நம் பெரியவர்கள் ஆனைக்கற்றாழை என்று சொன்ன செடிதான் அது. தாவர நூல்களில் அதற்கு 'அகேவ்' என்று பெயர்.

செலாயாங், பத்துமலை, கெப்போங், ரவாங் வட்டாரங்களில் வீட்டு வாசலிலும் அடுக்குமாடி வீடுகளின் முன்புறத்திலும் இந்தச் செடியை ஆசையாக வைக்கிறார்கள். பச்சை மடலின் இரு கரையிலும் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ கோடு ஓடும். பார்க்க மிக அழகு. வாங்கி வந்த புதிதில் வாள் பிடித்த சிப்பாய் மாதிரி விறைப்பாக நிற்கும். பிறகு ஒரு மழைக்காலம் வரும். அடிமடல்கள் மஞ்சளாகித் தொங்கும். நடுக்குருத்தைத் தொட்டால் கையோடு வந்துவிடும். அழுகல் நாற்றம் அடிக்கும்.

"எந்த வறட்சியையும் தாங்கும் என்று கடைக்காரர் சொன்னாரே, இது எப்படிச் செத்தது?" என்று வீட்டில் கேள்வி எழும். கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. வறட்சியைத் தாங்கும் செடிதான். மழையைத் தாங்கும் என்று அவர் சொல்லவில்லையே!

இந்தச் செடிக்குத் தண்ணீர் கொடுப்பது பெரிய காரியமல்ல. விழுந்த தண்ணீர் வேரில் நிற்காமல் வெளியே போக வழி செய்வதுதான் காரியம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

பிறந்த ஊரும் பிழைத்த ஊரும்

ஆனைக்கற்றாழையின் தாய்நாடு அமெரிக்கக் கண்டத்தில் உள்ள மெக்சிகோ. அங்கே கல்லும் மணலுமான மேட்டு நிலங்களில் அது தானாக வளரும். ஸ்பெயின் நாட்டார் மெக்சிகோவைப் பிடித்த பிறகு கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. பிறகு ஆசிய நாடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

தமிழ்நாட்டில் ரயில் பாதையின் இரு பக்கமும் இதை வேலியாக நட்டார்கள். அதனால் ரயில் கற்றாழை என்றும் ஒரு பெயர் உண்டு. ஆடு மாடு நுழையாது; யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. மடலை ஊறவைத்து, அடித்து, சீவி எடுத்த நாரில் கயிறு திரித்தார்கள். சேலம், திருச்சி, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த நம் தாத்தா பாட்டிமார் இந்த வேலியைப் பார்த்து வளர்ந்தவர்கள்தாம்.

மெக்சிகோ மக்களுக்கு இது வெறும் வேலியல்ல. பூத்தண்டு கிளம்பும் சமயம் பார்த்து நடுக்குருத்தைக் குடைந்து குழி செய்வார்கள். அந்தக் குழியில் இனிப்பான சாறு ஊறும். அதை 'தேன் தண்ணீர்' என்று பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். நீண்ட சுரைக்குடுக்கையால் அதை உறிஞ்சி எடுத்துப் புளிக்க வைத்தால் 'புல்கே' என்ற பானம் கிடைக்கும். நம் தென்னங்கள்ளுக்கு அண்ணன் தம்பி உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் செடிக்கும் நம்மைப் போலத் தோட்டச் சரித்திரம் ஒன்று உண்டு. மெக்சிகோவின் யூக்காத்தான் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கயிற்று நாருக்காகக் கற்றாழைத் தோட்டங்கள் பெருகின. 'மாயா' என்ற அந்த மண்ணின் மக்கள் அங்கே மடல் வெட்டினார்கள். முன்பணமும் தோட்டத்துக் கடைக் கணக்கும் அவர்களைக் கட்டிப்போட்டன. கடன் தீராமல் தோட்டத்தை விட்டுப் போக முடியாது. 1905-இல் கொரியாவிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கப்பலில் கொண்டு வந்து அதே தோட்டங்களில் இறக்கினார்கள். கங்காணி முன்பணமும் தோட்டத்துக் கடைக் கணக்கும் என்னவென்று அறிந்த நமக்கு அவர்கள் கதையை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் வாசலில் அழகுக்கு நிற்கிற செடியின் உறவுச் செடி, வேறோர் ஊரில் எத்தனையோ குடும்பங்களின் வியர்வையில் வளர்ந்தது.

இரவில் மூச்சு விடும் செடி

பால்மரம் வெட்டியவர்களுக்கு ஒன்று தெரியும். விடியுமுன் வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறிய பிறகு வெட்டினால் ஓட்டம் குறையும். காரணம், வெயில் ஏற ஏற இலைகள் வழியாக மரத்தின் தண்ணீர் ஆவியாகப் போகிறது. மரத்துக்குள் இருக்கிற அழுத்தம் குறைகிறது.

எல்லா இலையிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு துவாரங்கள் உண்டு. காற்றை உள்ளே வாங்க அவை திறந்தாக வேண்டும்; திறந்தால் தண்ணீர் வெளியே போகும். பெரும்பாலான செடிகள் பகலில் திறக்கின்றன. ஆனைக்கற்றாழையோ பகலில் கதவைச் சாத்திக்கொண்டு இரவின் குளிர்ச்சியில் திறக்கிறது. இரவில் வாங்கிய கரியமில வாயுவைப் புளிப்புப் பொருளாக மாற்றிச் சேமித்து வைத்து, மறுநாள் வெயிலில் அதைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. நம் அன்னாசியும் இதே வழியில்தான் பிழைக்கிறது.

மடல் தடிப்பாக இருப்பது தண்ணீரைச் சேர்த்து வைக்க. மேலே மெழுகு பூசியது போல இருப்பது அதைக் காப்பாற்ற. ஆக, தனக்கு வேண்டிய தண்ணீர்த் தொட்டியைத் தன் உடம்பிலேயே கட்டி வைத்திருக்கிற செடி இது.

இப்படிப்பட்டதை நம் ஊருக்குக் கொண்டு வந்தால் என்ன ஆகும்? தமிழ்நாட்டில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 900 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். கோலாலம்பூர் வட்டாரத்திலோ 2400 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. ஏப்ரல் மாதத்திலும், அக்டோபர் நவம்பரிலும் மாலை தவறாமல் கொட்டும். வேருக்கும் காற்று வேண்டும். மண் இடைவிடாமல் ஈரமாக இருந்தால் வேர் மூச்சு முட்டிச் சாகும். அங்கே பூஞ்சணம் புகுந்து அழுகல் மேலே ஏறும். மேல் மடல் வாடுவதைப் பார்த்து, "ஐயோ, தண்ணீர் போதவில்லை" என்று இன்னும் ஒரு வாளி ஊற்றுவோம். அதோடு கதை முடியும்.

எந்த வகை வாங்கலாம்?

நம் பக்கத்தில் செடி வாங்க சுங்கை பூலோவை விட நல்ல இடம் இல்லை. 1930-இல் அங்கே தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. வீட்டையும் உறவையும் பிரிந்து அங்கே வாழ்ந்தவர்களில் பலர் பூச்செடி வளர்த்து விற்கத் தொடங்கினார்கள். ஊர் ஒதுக்கி வைத்தவர்களிடம் ஊரே செடி வாங்கப் போனது. அந்த நிலத்தில் உருவான செடித் தோட்டங்கள் இன்றும் சாலை ஓரமாக நீண்டு கிடக்கின்றன. அங்கே போனால் ஆனைக்கற்றாழையில் பல வகை பார்க்கலாம். நமக்கு மூன்று வகை தெரிந்தால் போதும்.

முதலாவது, பெரிய ஆனைக்கற்றாழை. நீலம் கலந்த சாம்பல் பச்சை நிறம். ஒவ்வொரு மடலும் ஆள் உயரம் வளரக்கூடும். ஓரமெல்லாம் முள், நுனியில் ஊசி. இதற்கு நிறைய இடம் வேண்டும். நம் மழையும் இதற்கு அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது. லயத்து வாசலுக்கோ அடுக்குமாடிக்கோ இது வேண்டாம்.

இரண்டாவது, குறுகிய வாள் போன்ற மடல்களும் வெள்ளைக் கரையும் உடையது. நம் நாட்டில் பரவலாகக் காண்பது இதுதான். மற்றவற்றை விட மழையைச் சற்றுப் பொறுக்கும். ஆனால் முள் உண்டு.

மூன்றாவது, முள்ளே இல்லாத வகை. மடல் அகலமாக, மிருதுவாக, வெளிறிய பச்சை நிறத்தில் பெரிய ரோஜாப்பூ விரிந்தது போல இருக்கும். பாதி நிழலிலும் வளரும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டுக்கு இதுதான் ஏற்றது.

வாங்கும்போது அடித்தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். நடுக்குருத்து விறைப்பாக நிற்க வேண்டும். மடல் இடுக்கில் வெள்ளைப் பஞ்சு போல ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. அந்தச் செடியை எடுக்காதீர்கள். பெரிதாகப் பார்த்துக் காசைக் கொட்ட வேண்டாம். ஒரு சாண் உயரக் கன்று போதும். சிறு வயதில் வந்த செடி நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகிக்கொள்ளும்.

சட்டியும் மண்ணும்

மண்சட்டி மிக நல்லது. அதன் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். மண்சட்டி இல்லாவிட்டால் காலி எண்ணெய் டின், பெயிண்ட் வாளி எதுவானாலும் சரி; அடியில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஐந்தாறு ஓட்டை போடுங்கள். செடியின் சுற்றளவை விட நான்கு விரற்கடை அகலமான சட்டி போதும். பெரிய சட்டியில் சின்னச் செடியை நட்டால் வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நம் தோட்டத்துச் செம்மண்ணையும் களிமண்ணையும் அப்படியே போடக்கூடாது. மழையில் சேறாகி, வெயிலில் கல்லாகும். இரண்டு பங்கு பருமணல், ஒரு பங்கு உடைத்த செங்கல் அல்லது பொடிக்கல், ஒரு பங்கு சுட்ட மண்ணோ மக்கிய இலை உரமோ கலந்துகொள்ளுங்கள். கடல் மணல் வேண்டாம், உப்பு கெடுக்கும். கலந்ததை ஒரு பிடி எடுத்து நனைத்து உள்ளங்கையில் இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரியான பதம். கொழுக்கட்டை மாதிரி பிடித்துக்கொண்டு நின்றால் இன்னும் மணல் சேருங்கள்.

சட்டி அடியில் உடைந்த ஓட்டுத் துண்டை ஓட்டையின் மேல் கவிழ்த்து வைத்து, மேலே மண்ணை இடுங்கள். செடியை ஆழப் புதைக்காதீர்கள். அடிமடல் மண்ணுக்கு மேலே இருக்கட்டும். மேல் மண்ணில் சிறு கற்களைப் பரப்பினால் மழை தெறித்து மடலில் சேறு படியாது.

வாசலில் தரையிலேயே நடுவதானால் முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டுங்கள். சுற்றிலும் பழைய செங்கல் அடுக்கி, உள்ளே அதே மணல் கலவையைக் கொட்டி, உச்சியில் நடுங்கள். கூரைத் தண்ணீர் விழும் இடத்திலும், கால்வாய் ஓரத் தாழ்விலும் வேண்டவே வேண்டாம்.

எப்போது தண்ணீர்?

கூரைக்கு அடியில் இருக்கிற சட்டிக்கு வெயில் காலத்தில் பத்து நாளைக்கு ஒரு தடவை போதும். மழை படும் இடத்தில் இருந்தால் நீங்கள் ஊற்றவே வேண்டாம். சந்தேகம் வந்தால் ஒரு சாத்தே குச்சியை மண்ணில் ஆழமாகக் குத்தி, சிறிது நேரம் விட்டு உருவுங்கள். குச்சியில் மண் ஒட்டியிருந்தால் ஈரம் இருக்கிறது, தண்ணீர் வேண்டாம். சுத்தமாக வந்தால் சட்டியின் ஓரமாக ஊற்றி, அடி ஓட்டையில் ஒழுகும்வரை விடுங்கள். நடுக்குருத்தில் ஊற்றாதீர்கள்.

செடிக்குத் தாகமா, அழுகலா என்று எப்படி அறிவது? தாகமானால் மடல் மெலிந்து, சுருக்கம் விழும். ஆனால் கெட்டியாக இருக்கும். அழுகலானால் மடல் அடியில் கொழகொழப்பாகி மஞ்சளோ பழுப்போ ஆகும். முதலாவதற்கு ஒரு குவளைத் தண்ணீர் போதும். இரண்டாவதற்கு உடனே செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, கறுத்த வேரையெல்லாம் சுத்தமான கத்தியால் வெட்டி, நிழலில் ஒரு வாரம் காயப்போட்டு, புதிய காய்ந்த கலவையில் நடுங்கள். நடுக்குருத்து அழுகாமல் இருந்தால் பிழைக்கலாம்.

வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். கடையில் நிழலில் இருந்த செடியைக் கொண்டு வந்தவுடன் உச்சி வெயிலில் வைத்தால் மடல் வெந்து வெள்ளையாகும். முதல் வாரம் காலை வெயில் மட்டும் காட்டி, பிறகு மெல்ல மெல்ல வெளியே நகர்த்துங்கள்.

உரம் ஆண்டுக்கு இரண்டு தடவை, அதுவும் ஒரு பிடி மக்கிய உரம் போதும். செம்பனைக்குப் போடும் உரத்தை இதற்குப் போடாதீர்கள். மடல் மளமளவென்று ஊதிப் பெருத்து, மெதுவாகி, எளிதில் அழுகும்.

மாவுப்பூச்சி வந்தால் மருந்து தேடி ஓட வேண்டாம். பழைய பல் தேய்க்கும் பிரஷை சோப்புத் தண்ணீரில் தோய்த்து மடல் இடுக்கைத் தேய்த்து, பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, செடியைச் சாய்த்து வடிய விடுங்கள். வாரம் ஒரு முறை மூன்று வாரம் செய்தால் ஓய்ந்துவிடும்.

கொசுவுக்கு இடம் கொடாதீர்கள்

இதைப் படித்து மறந்துவிடாமல் மனதில் வைக்க வேண்டும். ஆனைக்கற்றாழையின் மடல்கள் அடியில் கிண்ணம் போலச் சேர்கின்றன. மழைத் தண்ணீர் அங்கே தேங்கும். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தச் சிறிதளவு தண்ணீர் போதும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாட்களில் மாறிவிடும். டெங்கியால் அதிகம் அவதிப்படும் மாநிலம் நம் சிலாங்கூர்தான். ஆகவே வாரத்தில் ஒரு நாள், ஞாயிறோ வெள்ளியோ, நாள் குறித்துக்கொண்டு மடல் இடுக்குகளைப் பாருங்கள். தண்ணீர் நின்றால் சட்டியைச் சாய்த்துக் கொட்டுங்கள். தரையில் நட்ட செடியானால் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்து இடுக்கைக் கழுவி விடுங்கள். புழு இருந்தாலும் மண்ணில் விழுந்து காய்ந்து போகும். சட்டிக்கு அடியில் தட்டு வைக்கும் வழக்கத்தை இந்தச் செடிக்கு அறவே விட்டுவிடுங்கள். தட்டில் நிற்கும் தண்ணீர் வேருக்கும் கேடு, வீட்டுக்கும் கேடு. வீட்டில் கொசுப்புழு வளர விடுவது 1975-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் சட்டப்படி குற்றம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

முள்ளும் சாறும்

நுனி ஊசி விளையாட்டுப் பொருள் அல்ல. குழந்தையின் கண் உயரத்தில்தான் பல செடிகளின் முள் இருக்கும். நடைவழியிலிருந்து ஓர் அடி எடுத்து வைக்கும் தூரமாவது தள்ளி வையுங்கள். நகவெட்டியால் ஊசி நுனியை மட்டும் கிள்ளி எடுத்துவிடலாம். செடிக்கு ஒன்றும் ஆகாது.

சாற்றில் கண்ணுக்குத் தெரியாத ஊசி போன்ற படிகங்கள் உண்டு. தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும் வரும். மடல் வெட்டும்போது கையுறையும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள். பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தோட்டத்தில் புல்வெட்டும் இயந்திரம் பிடிக்கிற சகோதரர்கள் இந்தச் செடியின் மேல் இயந்திரத்தை ஓட்டாதீர்கள். சாறு முகத்திலும் கண்ணிலும் தெறிக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. இது சோற்றுக்கற்றாழை அல்ல. தலைக்குத் தேய்க்கவும், சூட்டுக்கு உண்ணவும் நாம் பயன்படுத்துவது சோற்றுக்கற்றாழை. இரண்டும் தூரத்தில் பார்க்க ஒன்று போல இருக்கும். 2017-இல் சீனாவில் ஓர் இளம்பெண் சோற்றுக்கற்றாழை என்று நினைத்து ஆனைக்கற்றாழை மடலைக் கடித்துத் தின்று, வாயும் தொண்டையும் எரிந்து, மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. அடையாளம் எளிது. சோற்றுக்கற்றாழை மடலை வளைத்தால் பட்டென்று ஒடியும். உள்ளே தெளிவான வழவழப்புச் சோறு இருக்கும். ஆனைக்கற்றாழை எளிதில் ஒடியாது. உள்ளே நார் நாராக இழுக்கும். வீட்டில் இரண்டும் இருந்தால் தள்ளித் தள்ளி வையுங்கள். பிள்ளைகளுக்கும் பாட்டிமாருக்கும் வித்தியாசத்தைக் காட்டிக் கொடுங்கள்.

கன்றும் பூவும்

இரண்டு மூன்று ஆண்டுகளில் தாயைச் சுற்றிக் கன்று முளைக்கும். கன்று ஒரு சாண் உயரம் வந்ததும் வேரோடு பிரித்தெடுங்கள். வெட்டிய வாயை நிழலில் நான்கைந்து நாள் காயவிடுங்கள். பச்சைக் காயத்தோடு மண்ணில் வைத்தால் அழுகும். நட்ட பிறகு ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம்.

ஒரு கன்று கிடைத்தால் போதும், நட்பு வட்டாரத்துக்கே கொடுக்கலாம். நார்க்கற்றாழையின் கதையைக் கேளுங்கள். 1893-இல் ஜெர்மானியர் ஒருவர் அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு 1000 இளங்கன்றுகளை வரவழைத்தார். வழியில் வாடியவை போக 62 மட்டும் பிழைத்தன. அந்த 62 கன்றுகளிலிருந்து பெருகியதுதான் பிற்காலத்தில் தான்சானியா என்று பெயர் பெற்ற நாட்டின் மாபெரும் நார்த் தொழில்.

"நூறு ஆண்டுக்கு ஒருமுறை பூக்குமாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. அது மிகைப்பேச்சு. பெரிய ஆனைக்கற்றாழை வெப்ப நாடுகளில் பெரும்பாலும் 10 முதல் 30 ஆண்டுக்குள் பூத்துவிடும். குளிர்நாட்டில் தாமதமாகும். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத் தாவரத் தோட்டத்தில் 1934-இல் சேர்த்த ஒரு செடி கண்ணாடிக் கொட்டகைக்குள் 80 ஆண்டு காத்திருந்து 2014-இல் பூத்தது. தண்டு உயர்ந்து கொண்டே போனதால் கூரைக் கண்ணாடியைக் கழற்றி வழிவிட்டார்கள்.

மெக்சிகோவில் இந்தப் பூவை நாடி இரவில் வெளவால்கள் வரும். நம் பத்துமலைக் குகையில் வாழும் தேன் குடிக்கும் வெளவால்கள் டுரியானுக்கும் பெத்தாய்க்கும் செய்கிற உதவியை அவை அங்கே இந்தச் செடிக்குச் செய்கின்றன.

பூத்த செடி பிறகு மெல்ல மடியும். சேர்த்து வைத்ததையெல்லாம் பூவுக்கே செலவழித்து விடுகிறது. நோய் என்று பயப்பட வேண்டாம். வாழை குலை தள்ளி மடிவது போலத்தான் இதுவும். தாயை அகற்றிவிட்டுக் கன்றைக் காப்பாற்றுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு

ரப்பர்த் தோட்டங்கள் தாமான்களாக மாறிய பிறகு நம் குடும்பங்களில் பல அடுக்குமாடி வீடுகளுக்கு வந்துவிட்டன. லயத்து வாசலில் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்தவர்களுக்கு ஒரு சாளரத்தின் அகலம்தான் இப்போது தோட்டம். அங்கே ஒரு பச்சை வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் சட்டியைக் கைப்பிடிச் சுவரின் மேல் வைக்காதீர்கள். 2018 ஜனவரியில் கோலாலம்பூர் பந்தாய் டாலாமில் மாடியிலிருந்து விழுந்த ஒரு நாற்காலி 15 வயது மாணவன் ஒருவனின் உயிரைக் கொண்டு போனது. மண் நிறைந்த சட்டி நாற்காலியை விடக் கனமானது. தரையில், சுவரை ஒட்டி, பொது வழியை மறைக்காமல் வையுங்கள். முள்ளில்லாத வகையாக இருக்கட்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்த் தட்டுப்பாடு நமக்குப் புதிதல்ல. 1998-இல் மாதக்கணக்கில் பங்கீடு நடந்தது. 2014-இலும் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். 2020 செப்டம்பரில் சுங்கை சிலாங்கூர் ஆறு மாசுபட்டுச் சுத்திகரிப்பு ஆலைகள் நின்றபோது, லட்சக்கணக்கான வீடுகளில் குழாய் வறண்டது. வாளியும் டின்னும் தூக்கி லாரிக்குக் காத்து நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நான்காம் மாடிக்குத் தூக்கி வந்த தண்ணீரைச் சமையலுக்கும் குழந்தைக்கும் பார்ப்பதா, செடிக்கு ஊற்றுவதா? அந்த நாட்களில் ரோஜா வாடும், துளசி தலை சாயும். ஆனைக்கற்றாழை இரண்டு மூன்று வாரமும் முகம் கோணாமல் நிற்கும். குடும்பத்தின் தண்ணீரில் பங்கு கேளாத செடி என்பதே இதன் பெரிய சிறப்பு.

ஏற்கெனவே இந்தச் செடி வைத்திருப்பவர்கள் இன்று மாலையே ஒரு வேலை செய்யுங்கள். சட்டியைத் தூக்கி அடி ஓட்டை அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடைபட்டிருந்தால் ஒரு குச்சியால் குத்தித் திறந்து விடுங்கள். சட்டியை இரண்டு செங்கல் மேல் உயர்த்தி வையுங்கள். மடல் இடுக்கில் தேங்கியதைக் கொட்டுங்கள். அடுத்த மழைக்கு உங்கள் செடி தயார். பிறகு பத்து நாளைக்கு அதை மறந்துவிடுங்கள்.